சொல்லாமல் வரும் சின்ன விருந்தாளிகளுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி: எனக்கு ஏழு வயதில் ஒரு மகளும் மூன்று வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். மாலையில் மகளின் தோழிகள் முன்கூட்டிச் சொல்லாமல் விளையாட வந்துவிடுகிறார்கள். சில நாள் இரண்டு பேர், சில நாள் ஐந்து பேர். வேலை முடித்து வந்த களைப்பில் கைக்குக் கிடைக்கும் பிஸ்கட் பாக்கெட்டையும் குளிர்பானத்தையும் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். இனிப்பு உள்ளே போனதும் அவர்கள் போடும் ஆட்டத்தில் வீடு இரண்டாகிறது. சென்ற வாரம் மனம் மாறி ஆப்பிள் நறுக்கி வைத்தேன். கறுத்துப்போன துண்டுகளைப் பார்த்துவிட்டு ஒரு சிறுமி, "ஆன்ட்டி, உங்க வீட்ல இதுதான் இருக்கா?" என்று கேட்டாள். என் மகளின் முகம் சுருங்கிவிட்டது. மகனோ பெரிய பிள்ளைகள் தின்பதெல்லாம் தனக்கும் வேண்டும் என்று அழுகிறான். அதிக வேலை வைக்காமல், எளிதில் கெட்டுப்போகாமல், எப்போதும் வீட்டில் இருக்கத்தக்க உணவுகளைச் சொல்லுங்கள். பிஸ்கட்டை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

அந்தச் சிறுமி கேட்டதை முதலில் மனத்திலிருந்து இறக்கி வைத்துவிடுங்கள். ஏழு வயதுப் பிள்ளை அப்படிக் கேட்பது பெரும்பாலும் குறை சொல்வதற்காக இல்லை. வேறு என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆவலில்தான். "ஆமாம் கண்ணு, இன்னைக்கு இதுதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால், அவள் ஒரு துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு விளையாடப் போயிருப்பாள். ஆப்பிள் கறுத்ததுதான் அங்கே உண்மையான சிக்கல், அதற்கு வழி இருக்கிறது.

உணவியல் ஆலோசனைக்காக என்னிடம் வரும் பெற்றோர் பலரும், விருந்தாளிப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு கையிருப்பு வைத்துக்கொள்ள முயன்று தோற்றவர்கள். அப்படி வாங்கி வைப்பதை மூன்றாம் நாளே சொந்தப் பிள்ளைகள் கண்டுபிடித்துத் தீர்த்துவிடுவார்கள். இல்லையென்றால் யாரும் வராமல் அலமாரியின் பின்வரிசையில் கிடந்து காலாவதியாகும். வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள்களையே வைத்து, யோசிக்காமல் கை தானாகச் செய்துவிடக்கூடிய மூன்றே பலகாரங்களை முடிவு செய்துகொள்வதுதான் நிலைக்கும் வழி. பத்து வகை தெரிந்திருந்து, மணி அடித்ததும் எதைச் செய்வது என்று திகைப்பதைவிட, மூன்றையே மாற்றி மாற்றிக் கொடுப்பது எவ்வளவோ மேல். வருகிற பிள்ளைகள் விளையாட வருகிறார்கள், விருந்துண்ண வரவில்லை. இதை நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகன் சிறுவனாக இருந்தபோது ஒரு மாலை, அவனுடைய நண்பர்கள் நால்வருக்காக அகலத் தட்டில் ஆறு வகைகளை வண்ணம் பார்த்து அடுக்கி வைத்தேன். ஆளுக்கு ஒரு சீஸ் துண்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மீதி எனக்கு இரவு உணவாயிற்று.

உங்கள் கேள்விக்குப் பாதி விடை உங்கள் ஃப்ரீசரில் இருக்கிறது. பிரெட் வாங்கியதும் பாதியைத் துண்டுகளாகவே பையில் இட்டு, காற்றை வெளியேற்றி உறையவைத்துவிட்டால், சுமார் மூன்று மாதம் வரை சுவை கெடாமல் இருக்கும். தேவையான துண்டுகளை மட்டும் எடுத்து, உருகக் காத்திராமல், நேராகத் தோசைக்கல்லிலோ டோஸ்டரிலோ போடலாம். கொண்டைக்கடலை வேகவைக்கும் நாளில் இரு மடங்காக வேகவைத்து, ஒரு கோப்பை அளவுள்ள சிறு டப்பாக்களில் பிரித்து உறையவைத்துக்கொள்ளுங்கள். ஒரு டப்பாவை வெந்நீரில் சூடாக்கி, கொஞ்சம் கெட்டித் தயிர், எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்து மசித்தால், பிரெட்டில் தடவவும் வெள்ளரித் துண்டுகளைத் தொட்டுச் சாப்பிடவும் ஏற்ற ஒரு கலவை ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். புரதமும் நார்ச்சத்தும் உள்ள இதைச் சாப்பிட்ட பிள்ளை அரை மணியில் மறுபடி "பசிக்குது" என்று வந்து நிற்காது என்பது கூடுதல் ஆதாயம்.

வாழைப்பழத்துக்குத் தனியாகக் கொஞ்சம் இடம் ஒதுக்குகிறேன், அது அதற்குத் தகும். தோலில் கரும்புள்ளி விழத் தொடங்கிய, வீட்டில் யாரும் தொடாத பழங்களை உரித்து, விரல் பருமனுக்கு வட்டமாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவையுங்கள். இறுகியதும் பையில் கொட்டி வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வந்த நாளில் இரண்டு கைப்பிடித் துண்டுகளை மிக்ஸியில் போட்டு விட்டுவிட்டு ஓட்டுங்கள். முதலில் ஈர மணலைப்போல உதிரும். கெட்டுவிட்டது என்றே தோன்றும். நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு மறுபடி ஓட்டினால் உருண்டையாகத் திரண்டு சுழலும். இன்னும் அரை நிமிடம் பொறுத்தால் அப்படியே குழைந்து, கரண்டியால் எடுக்கும் ஐஸ்கிரீம் பதத்துக்கு வந்துவிடும். சர்க்கரையும் வேண்டாம், பாலும் வேண்டாம். மூடியைத் திறக்கும் அந்த நொடியில் மேடையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். அந்தச் சிறுமியின் கேள்விக்கு உங்கள் மகளே விடை சொல்லிவிடுவாள். உடனே கொடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை, பத்து நிமிடத்தில் இளகிவிடும்.

பெரிய பிள்ளைகள் மட்டும் வந்த நாளில் சோளப்பொரிக்கு ஈடு இல்லை. காய்ந்த சோளமணி காற்றுப் புகாத டப்பாவில் மாதக்கணக்கில் கிடக்கும். விலையும் இடமும் குறைவு. முழுத்தானியம் என்பதால் நார்ச்சத்தும் உண்டு. அடி கனமான பாத்திரத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயும் மூன்றே மூன்று மணிகளும் போட்டு மூடி வையுங்கள். மூன்றும் வெடித்ததும் கால் கோப்பை சோளத்தைச் சேர்த்து, அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் வைத்திருந்து, மறுபடி ஏற்றுங்கள். இந்த அரை நிமிட இடைவெளியில் எல்லா மணிகளும் ஒரே சூட்டுக்கு வருவதால், பின்னர் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெடிக்கும்; கருகுவதும் வெடிக்காமல் அடியில் தங்குவதும் குறையும். ஆவி வெளியேற மூடியை மயிரிழை அளவு சாய்த்து வைத்து, பாத்திரத்தை அவ்வப்போது குலுக்குங்கள். வெடிச்சத்தங்களுக்கு நடுவே இரண்டு விநாடி இடைவெளி விழுந்ததும் இறக்கிவிடலாம். கால் கோப்பை மணி ஏழெட்டுக் கோப்பைப் பொரியாகிவிடும் என்பதால் நான்கைந்து பேருக்குத் தாராளம். டப்பாவைச் சரியாக மூடாமல் விட்டால் மணியின் உள்ளீரம் உலர்ந்து, ஆவியாகி வெடிக்கவைக்க எதுவும் மிஞ்சாது. பழைய சோளம் பொரியாமல் ஏமாற்றுவது இதனால்தான்.

ஆனால் இந்தப் பொரியை உங்கள் மகனுக்குக் கொடுக்கக்கூடாது. கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அவனுடைய அழுகையைத்தான் நான் மிகக் கவலையோடு படித்தேன். வயது கலந்த கூட்டத்தில் ஆபத்து பெரும்பாலும் பெரிய பிள்ளையின் தட்டிலிருந்து சின்னப் பிள்ளையின் வாய்க்கு வருவதுதான். சோளப்பொரி, முழு முந்திரி, பாதாம், வேர்க்கடலை, முழு திராட்சை, கெட்டியான பச்சைக் கேரட் துண்டு, கடின மிட்டாய், வட்டமாக வெட்டிய சாசேஜ் ஆகியவை நான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. கடைவாய்ப் பற்கள் முழுதாக வளராத அந்த வயதில் அரைத்து விழுங்கும் திறனும் கைகூடியிருக்காது. முழுக்கொட்டைகளை ஐந்து வயது வரையுமே தள்ளி வைப்பது நல்லது. திராட்சையை வாங்கினால் நீளவாக்கில் நான்காகப் பிளந்து கொடுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் வட்டமாகவே இருந்து தொண்டையில் மூடிபோலப் பொருந்திக்கொள்ளும். கேரட்டைத் துருவலாம் அல்லது ஆவியில் மெத்தென வேகவைக்கலாம். வேர்க்கடலை வெண்ணெயைக் கரண்டியோடு கொடுக்காமல் பிரெட்டில் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். கட்டியாக விழுங்கினால் அதுவும் அடைக்கும்.

ஆகவே மகன் வீட்டில் விழித்திருக்கும் மாலைகளில், அவனும் தின்னத்தக்கதையே எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. அவனுக்கு மட்டும் வேறு தட்டு வைத்தால் அழுகை நிற்காது. வாழைப்பழக் குழைவு, நான்காக வெட்டிய வேகவைத்த முட்டை, விரல் நீளத்துக்கு அரிந்த டோஸ்ட், கொண்டைக்கடலை மசியல், தயிரில் நசுக்கிய பழம் ஆகியவற்றை மூன்று வயதும் தின்னும், ஏழு வயதும் தின்னும். வாரத் தொடக்கத்தில் ஆறு முட்டையை வேகவைத்து ஓட்டோடு ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டால் ஒரு வாரம் வரை பயன்படுத்தலாம். ஃபிரிட்ஜின் உட்சூடு 4 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலும் ஃப்ரீசர் கழித்தல் 18 டிகிரியிலும் இருப்பதை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். நான் மேலே சொன்ன கணக்கெல்லாம் அந்தச் சூட்டை வைத்துச் சொன்னதுதான்.

இனி ஆப்பிள். நறுக்கிய முகத்தில் காற்று பட்டதும் பழத்திலுள்ள ஒரு நொதி வேலை செய்யத் தொடங்குவதால்தான் பழுப்பேறுகிறது, கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. அரை லிட்டர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, துண்டுகளை அதில் ஐந்து நிமிடம் மூழ்கவைத்து, நல்ல தண்ணீரில் ஒருமுறை அலசிவிட்டால் உப்பும் தெரியாது, நிறமும் நெடுநேரம் மாறாது. எலுமிச்சைச் சாறும் இதைச் செய்யும், ஆனால் புளிப்புத் தங்கிவிடுகிறது என்று சில பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மகனுக்கு வேகவைக்காத ஆப்பிளைத் துண்டாகக் கொடுக்காமல் துருவியோ மெல்லிய சீவலாகவோ கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறர் வீட்டுப் பிள்ளைக்கு முதன்முறையாக எதையேனும் கொடுப்பதற்கு முன், அதன் பெற்றோரிடம், "சாப்பாட்டுல எதாவது ஒத்துக்காதா? உங்க வீட்ல கொடுக்காத பொருள் எதாவது இருக்கா?" என்று வாசலிலோ தொலைபேசியிலோ கேட்டுவிடுங்கள். பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் வகையறாக்கள், எள், சோயா, கோதுமை, மீன், இறால் நண்டு வகைகள் ஆகிய ஒன்பதும்தான் ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குபவை. நான் சொன்ன உணவுகளிலேயே முட்டையும் பாலும் கோதுமையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏழு வயதுப் பிள்ளை தானாகச் சொல்லும் விடையை மட்டும் நம்ப வேண்டாம். பிடிக்காததை "எனக்கு ஒத்துக்காது" என்று சொல்லும் பிள்ளையும் உண்டு, தின்னும் ஆசையில் உண்மையான ஒவ்வாமையை மறைக்கும் பிள்ளையும் உண்டு. விடை கிடைத்ததும் பெயரோடு ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை. பாக்கெட்டிலிருந்து டப்பாவுக்குப் பொருளை மாற்றும் பழக்கமுள்ளவர்கள், உட்பொருள் அச்சிட்ட பகுதியைக் கத்தரித்து டப்பாவின் மேல் ஒட்டி வையுங்கள். எவருக்கேனும் வேர்க்கடலை ஆகாது என்றால் அதைத் தடவிய கத்தியைத் துடைத்துவிட்டு வேறு பிரெட்டில் பயன்படுத்துவது போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தின்ற சற்று நேரத்தில் உதடோ முகமோ வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, ஓயாத வாந்தி, இரைப்பு அல்லது மூச்சுத் திணறல் தெரிந்தால், பெற்றோரை அழைக்கும் முன்பே அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

குளிர்பானத்தை நிறுத்துங்கள் என்று சொல்வேன், ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்துக்காக இல்லை. இனிப்பு உள்ளே போனால் பிள்ளைகள் துள்ளுகிறார்கள் என்பது பெற்றோரிடையே வேரூன்றிய நம்பிக்கை. எது உண்மையான சர்க்கரை, எது போலி இனிப்பு என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தெரியாதபடி கொடுத்துப் பார்த்த சோதனைகள் பலவற்றைத் தொகுத்து 1995-இல் வெளியான ஆய்வு, சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையை மாற்றுவதாகக் காணவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு சோதனையில், பிள்ளைகளுக்குச் சர்க்கரையே கொடுக்காமல், கொடுத்ததாகத் தாய்மாரிடம் சொன்னபோது, அந்தத் தாய்மார் தம் பிள்ளைகள் அன்று அதிகம் துள்ளியதாக மதிப்பிட்டார்கள். ஐந்து பிள்ளைகள் ஒரு கூடத்தில் கூடினால் வெறும் தண்ணீர் குடித்தாலும் வீடு இரண்டாகத்தான் செய்யும். குளிர்பானத்தின் குற்றம் வேறு. அன்றாட உணவின் மொத்த ஆற்றலில், நாம் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு முதலியவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்த பங்கு 10 சதவீதத்துக்குள், இயன்றால் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு. நாளுக்கு ஏறத்தாழ 1,500 கலோரி தின்னும் பிள்ளைக்கு அது 37 கிராம், இயன்றால் 19 கிராம். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரையுள்ள பானத்தை ஒரு பெரிய டம்ளர் (250 மில்லி) குடித்தாலே 25 கிராம் போய்விடுகிறது, அதோடு பல்லுக்கும் கேடு. பழச்சாறு மாற்று என்று நினைக்க வேண்டாம். ஒன்று முதல் மூன்று வயது வரை நாளுக்கு 120 மில்லிக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு அறிவுரை. மேசையில் ஒரு கூஜா குளிர்ந்த தண்ணீரில் எலுமிச்சை வட்டங்களை மிதக்கவிட்டு, பிள்ளைகளே ஊற்றிக்கொள்ளும்படி சிறிய டம்ளர்களையும் வைத்துவிட்டால் போதும். ஊற்றிக்கொள்வதே அவர்களுக்கு ஒரு விளையாட்டுத்தான். கீழே துடைக்கத் துணி ஒன்றை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன். வந்தவுடனே நீட்டாதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் அரை வாய் கடித்துச் சோபாவின் இடுக்கில் செருகிவிட்டு ஓடுவார்கள். ஒரு மணி நேரமோ சற்றுக் கூடவோ ஆனதும், சண்டைகள் தொடங்கும் அந்த நேரத்தில் அழையுங்கள். சண்டைக்குப் பாதிக் காரணம் பசியாகவே இருக்கும். சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவவைத்து, எல்லோரையும் உட்காரவைத்துக் கொடுங்கள். ஓடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் தின்னும்போதுதான் புரை ஏறுகிறது. கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடலாம். மாலை முழுதும் கொறித்துக்கொண்டிருந்தால் இரவுச் சாப்பாடு இறங்காது என்று மற்ற வீட்டாரும் உங்களைத்தான் நொந்துகொள்வார்கள். முட்டை, சீஸ், நறுக்கிய பழம் முதலியவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே கிடந்தால், அறை 32 டிகிரிக்கு மேல் புழுங்கும் நாளென்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால், மறுபடி ஃபிரிட்ஜில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

எவ்வளவு தின்பது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும், தின்பதா வேண்டாமா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்ய வேண்டும் என்று உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்த பங்கீட்டை நான் சொந்தப் பிள்ளைகளுக்கே கடைப்பிடிக்கச் சொல்வேன். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். "இன்னும் ஒண்ணு எடுத்துக்கோ" என்று வற்புறுத்தவும் வேண்டாம், ஒன்றும் தொடாமல் எழுந்துபோகும் பிள்ளைக்காக நீங்கள் அடுப்படிக்கு ஓடவும் வேண்டாம்.

பிஸ்கட்டை அடியோடு நிறுத்த வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டியதில்லை. ஒரு பாக்கெட் இருக்கட்டும், ஆனால் கண்ணுக்கு எட்டாத மேல்தட்டில், அதன் மேல் ஒரு டப்பாவைக் கவிழ்த்து வைத்து. பிரெட்டும் இல்லாமல், பழமும் தீர்ந்து, உங்களுக்குத் தலைவலியும் இருக்கும் ஒரு மாலை வரும். அன்று ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் கொடுத்துவிட்டு நீங்கள் போய்ப் படுங்கள்.